நெடுந்தீவு வாடியில் இரண்டு இரவுகள்



பள்ளிக்கூட விடுமுறை நெருங்கிவிட்டால் போதும். "வாப்பா, இந்த முறை எங்கே போகிறோம்?" என்று பிள்ளைகள் தொடங்கிவிடுவார்கள். நுவரெலியா, கண்டி, திருகோணமலை என்று உங்கள் வீட்டிலும் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். பிள்ளைகள் மகிழட்டும்; அதில் தவறேதும் இல்லை. ஆனால் இந்த மாதம் நான் உங்களை அழைத்துச் செல்லப்போகும் இடம் அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று. நானும் என் பதினான்கு வயது மகனும் அங்கே தங்கியது விடுதியில் அல்ல. பனையோலை வேய்ந்த ஒரு மீன்வாடியில். நடப்பதற்கு வெட்டவெளி, பிடிப்பதற்குக் கடல், படுப்பதற்கு மணல். அவ்வளவுதான்.

நாங்கள் அங்கே சுற்றுலாவுக்காகப் போகவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கடனைக் கொடுக்கப் போனோம்.

ஒரு பழைய கொப்பி

நான் பிறந்தது யாழ்ப்பாணம் சோனகத் தெருவில். என் வாப்பா சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு தீவுப்பகுதிகளில் வியாபாரம் செய்தவர். போகும்போது சாரமும் சீத்தையும் கொண்டு போவார். திரும்பும்போது கருவாடு கொண்டு வருவார். 1990 ஜூன் மாதம் மீண்டும் போர் மூண்டது. ஆகஸ்டு மாதம் ஊர்காவற்றுறையும் மண்டைதீவும் இராணுவத்தின் வசம் போயின. தீவுகளுக்கும் எங்களுக்கும் இடையில் போக்குவரத்து அறுந்தது. அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமாகச் சுமார் 75,000 முஸ்லிம்கள் அந்த நாட்களில் விரட்டப்பட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. உம்மாவின் காதுத்தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வாப்பாவின் சட்டைப் பையில் இருந்த கணக்குக் கொப்பியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதற்கு விலை இல்லையே!

புத்தளத்து அகதி முகாமில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து வாப்பா மௌத்தானார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உம்மாவும் மௌத்தானபோது, அவர்களுடைய தகரப் பெட்டியின் அடியில் அந்தக் கொப்பி கிடைத்தது. வரவேண்டிய கணக்குகள் பல. கொடுக்கவேண்டியது ஒன்றே ஒன்று: "நெடுந்தீவு, கருவாடு 48 கிலோ, 3,600 ரூபாய், கொடுக்க வேண்டும்." பக்கத்தில் ஒரு மீனவரின் பெயர்.

குடும்பத்தில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "நம்முடைய வீட்டையும் கடையையும் நகையையும் எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பினார்கள். இனி அவர்களுக்கு நாம் என்ன கடன்?" என்று என் பெரியவாப்பா கேட்டார். அவர் கேட்டதில் வலி இருந்தது. அதனால் நான் உடனே பதில் சொல்லவில்லை. என் மனைவிதான் அடுக்களையில் இருந்தபடியே சொன்னாள்: "நம்மை விரட்டியவர்களா அந்தக் கருவாட்டைக் காயப் போட்டார்கள்?"

அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சு இல்லை. சென்ற ஆகஸ்டு விடுமுறையில் புறப்பட்டோம்.

தீவுகளின் வழியே

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் பஸ் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேலான பயணம். பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் இருபுறமும் ஆழமில்லாத கடல். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று ஊர்கள் வருகின்றன. மண்கும்பானில் நம்மவர்களின் பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. வேலணையையும் புங்குடுதீவையும் வாணர் பாலம் இணைக்கிறது. பாலத்தின் மேல் பஸ் போகும்போது கண்ணுக்கு எட்டிய தூரம் நீரும், நீரில் நட்ட தடிகளும், தடிகளின் மேல் பறவைகளும்தான்.

வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகர், அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய ஏழையும் சேர்த்து சப்த தீவுகள் என்பார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தங்கள் நாட்டு ஊர்களின் பெயர்களையே இவற்றுக்கு வைத்தார்கள். ஊர்காவற்றுறை அமைந்த வேலணைத் தீவு லைடன் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். அந்தப் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. நெடுந்தீவுக்கு வைத்த 'டெல்வ்ற்' என்ற பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகிறது. அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கேயர் இதைப் 'பசுத்தீவு' என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். மேய்ச்சல் நிலம் அதிகம் என்பதால் அந்தப் பெயர் பொருத்தமானதுதான்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு கூட்டம் நிற்கும். நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாக விகாரைக்கும் போகிறவர்கள் நயினாதீவுப் படகுக்கு நிற்பார்கள். அது கால் மணி நேரப் பயணம். நயினாதீவில் முஸ்லிம் குடும்பங்களும் பள்ளிவாசலும் உண்டு. நெடுந்தீவுப் படகுக்கு நிற்பவர்களின் கையில் அரிசி மூட்டை, சீமெந்துப் பை, மருந்துப் பொட்டலம், சைக்கிள் டயர் என்று வீட்டுச் சாமான்கள் இருக்கும். அந்தத் தீவுக்கு வேண்டிய எல்லாம் இந்தப் படகில்தான் போகவேண்டும்.

எங்களை ஏற்றிச் சென்றது 'வடதாரகை'. அதற்கு முன் நெடுங்காலம் இந்தக் கடலில் ஓடியது 'குமுதினி' என்ற படகு. 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, பெண்களும் குழந்தைகளுமாகப் பயணிகள் பலரை வெட்டிக் கொன்றார்கள். கடற்படையினர்மீது குற்றம் சாட்டப்பட்டது. நெடுந்தீவில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் ஊரே கூடுகிறது. நாங்கள் மட்டும்தான் இழந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு படகேறிய எனக்கு, அந்தக் கடலைப் பார்த்தபோது பேச வாய் வரவில்லை.

சோளகக் காற்று பலமாக இருந்த காலம். படகு நன்றாக ஆடியது. ஒரு மணி நேரத்தில் மாவலித்துறையில் இறங்கினோம். என் மனைவி இறங்கியதும் செய்த முதல் வேலை, கரையில் இருந்த கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டதுதான்.

வாடி

மீனவர் சங்கத்தில் விசாரித்தோம். கொப்பியில் பெயர் இருந்த மீனவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய மனைவி இருக்கிறார். எண்பதை நெருங்கிய வயது. மகனும் கடல்தொழில்தான். அவரே துறைக்கு வந்து எங்களை அழைத்துப் போனார். விஷயத்தைச் சொன்னதும், "அதை அம்மாவிட்டச் சொல்லுங்கோ மௌலவி. கருவாட்டுக் கணக்கு எப்பவும் அவவின்ர கையிலதான்" என்றார்.

அம்மா அன்று கண்ணுக்கு மருந்தெடுக்க ஆஸ்பத்திரியில் காத்திருந்தார். மாலையில் வீடு வந்தவர் எங்களைப் பார்த்தார். வாப்பாவின் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சைக்கிள்கார மரைக்காயரின்ர பிள்ளையோ? இருங்கோ. களைச்சு வந்திருக்கிறியள். கணக்கை நாளையிண்டைக்குப் பாப்பம்" என்றார். என் மனைவி அவருடன் வீட்டில் தங்குவது என்றும், நானும் மகனும் கடற்கரை வாடியில் தங்குவது என்றும் முடிவாயிற்று. தீவில் இப்போது விடுதிகள் சில உண்டு. ஆனால் அவர்கள் எங்களை அங்கே போக விடவில்லை.

வாடி என்றால் என்ன என்று நகரத்துச் சகோதரிகள் கேட்கக்கூடும். மீனவர்கள் வலையும் இயந்திரமும் வைத்துக்கொண்டு, மீன் காயவிட்டு, இரவு தங்குவதற்காகக் கடற்கரையில் போடும் கொட்டில் அது. நான்கு பூவரசங் கப்பு, மேலே பனையோலை, மூன்று பக்கம் கிடுகு மறைப்பு, கடலைப் பார்த்த பக்கம் திறப்பு. உள்ளே ஒரு சாக்குக் கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, மூலையில் வலைக் குவியல், கூரையில் செருகிய தூண்டில்கள், ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் நல்ல தண்ணீர். இவ்வளவுதான் சாமான். இந்த வாடி வடகரையில் இருந்ததால் சோளகம் நேராக அடிக்கவில்லை.

ஒரு விஷயம் என் மகனை முதல் நாளே திகைக்க வைத்தது. அது தண்ணீர். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குகிற பிள்ளை அவன். வாடியில் ஒரு செம்புத் தண்ணீரில் ஒளூச் செய்யவேண்டும். நெடுந்தீவு முழுவதும் முருகைக்கல் நிலம். மலையும் இல்லை, ஆறும் இல்லை. மழைநீர் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. கிணற்றில் அளவாக அள்ளினால் நல்ல நீர். ஆசைப்பட்டு அதிகம் இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். "இந்தக் கிணறு பொறுமையானவங்களுக்குத்தான் தண்ணி குடுக்கும்" என்றார் வாடிக்காரர். பல ஆண்டுகளாக நான் வகுப்பில் சொல்லும் பாடத்தை அந்தக் கிணறு ஒரே நாளில் என் மகனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

நடை

அடுத்த நாள் சுபஹுத் தொழுகையை மணலில் முடித்துக்கொண்டு, பிளேன்ரீயும் பனங்கட்டியும் சாப்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கினோம். சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு இது. தட்டையான நிலம் என்பதால் கால் வலிக்காது. ஆனால் நிழல் குறைவு. தலைக்குத் துணியும் கையில் தண்ணீரும் இல்லாமல் புறப்படக்கூடாது.

ஊருக்குள் எங்கே பார்த்தாலும் கல்வேலி. சீமெந்து இல்லை, சாந்து இல்லை. முருகைக் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியே இடுப்பளவு மதில் எழுப்பியிருக்கிறார்கள். ஆடு மாடு நுழையாது. காற்று மட்டும் கல்லிடுக்கில் புகுந்து போகும். விழுந்த கல்லை வழியில் போகிறவர் எடுத்து வைத்துவிட்டுப் போவதை நானே பார்த்தேன்.

பெருக்குமரம் ஒன்றைப் பார்த்தோம். ஆபிரிக்கா கண்டத்துக்குரிய மரம் இது. குதிரை, ஒட்டகத் தீவனத்துக்காக அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று இங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். மன்னாரிலும் இந்த மரம் உண்டு. அடிமரத்தில் ஆள் நுழையுமளவு பொந்து. மகன் உள்ளே போய் நின்றுகொண்டு குரல் கொடுத்தான்; வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல் கேட்டது.

ஆஸ்பத்திரிப் பக்கமாகப் போனால் பழைய கோட்டையின் இடிபாடு இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்து, ஒல்லாந்தரும் பயன்படுத்திய கோட்டை, அதுவும் முருகைக்கல்தான். அருகில் ஒல்லாந்தரின் புறாக்கூடு. செய்தி கொண்டுபோகும் புறாக்களை வளர்ப்பதற்காக வரிசை வரிசையாக மாடம் வைத்துக் கட்டிய சிறு கட்டடம். என் மகன் சட்டைப் பையிலிருந்து கெட்டபோலை எடுத்தான். 'தீவுக்குப் போகிறோம், வேட்டையாடலாம்' என்று கனவு கண்டு ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறான்! வாடிக்காரர் சிரித்தார். "இஞ்ச வேட்டை கடலிலதான் தம்பி. தரையில கல்லெறிஞ்சா எங்கட கிழவியள் உனக்குச் சோறு போடமாட்டினம்" என்றார். கெட்டபோல் பைக்குள் திரும்பிவிட்டது.

சொந்தக்காரர் இல்லாத குதிரைகள்

தீவின் தெற்குப் பக்கம் பெரிய புல்வெளி. அங்கேதான் நெடுந்தீவின் புகழ்பெற்ற குதிரைகள் திரிகின்றன. உயரம் குறைந்த மட்டக்குதிரைகள். போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் பெருக்கினார்கள், ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில், 19ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில், லெப்டினன்ட் நோலன் என்ற அதிகாரி இத்தீவை நிருவகித்துக் குதிரை வளர்ப்பை நடத்தினார். குதிரை லாயத்தின் கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன. பிறகு குதிரைப்படைக்குத் தேவை போயிற்று, ஆட்சியும் போயிற்று. குதிரைகள் மட்டும் எஞ்சி, தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குதிரைகளாகிவிட்டன.

நியூசிலாந்து நாட்டு மலைகளில் நூற்றுக்கணக்கான மரக்குடில்கள் இருக்கின்றன. நடைப்பயணிகளும் வேட்டைக்காரர்களும் அவற்றில் தங்குகிறார்கள். அவற்றில் பல, மான்களைச் சுட்டுக் குறைக்க அரசு அனுப்பிய ஆட்களுக்காகக் கட்டப்பட்டவை. ஐரோப்பியர் விளையாட்டு வேட்டைக்காகக் கொண்டுபோய் விட்ட மான்கள் அங்கே பெருகி, காட்டையே தின்னத் தொடங்கிவிட்டன. அதனால் வேட்டை அங்கே ஒரு காவலாகவும் ஆயிற்று. இங்கேயும் ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட மிருகம்தான். ஆனால் இங்கே சட்டம் வேறு: 2015ஆம் ஆண்டு நெடுந்தீவில் சுமார் 1,846 ஹெக்டேயர் நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அது. அங்கே குதிரைகளுக்கு இடையூறு செய்யக்கூடாது.

சட்டம் காத்தாலும் வானம் காக்காத ஆண்டுகள் உண்டு. கடும் வறட்சியில் இந்தக் குதிரைகள் தண்ணீரின்றிச் செத்துவிழுந்த செய்திகள் பல முறை வந்திருக்கின்றன. நாங்கள் போனதும் வறண்ட மாதம். ஒரு பெண்குதிரையும் குட்டியும் வற்றிய குட்டையின் சேற்றை மோந்து பார்த்துக்கொண்டு நின்றன. நாங்கள் கிட்டப் போனதும் தாய் விலகியது, குட்டி விலகவில்லை. என் மகன் தன் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தாகத்தால் தவித்த ஒரு நாய்க்குக் கிணற்றிலிருந்து நீர் அள்ளிக் கொடுத்தவருக்கு அல்லாஹ் பிழை பொறுத்த செய்தியை நீங்கள் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். கல்லின் குழியில் அவன் அந்தத் தண்ணீரை ஊற்றினான். குட்டி குடித்தது. ஒரு போத்தல் தண்ணீர் ஒரு குதிரைக்கு எந்த மூலைக்கு என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் கெட்டபோல் கொண்டுவந்த பிள்ளை ஊற்றிய தண்ணீர் அது.

இரவு வேட்டை

அன்றிரவு அவன் ஆசைப்பட்ட வேட்டையும் நடந்தது. வாடிக்காரர் எங்களைச் சிறு படகில் ஏற்றிக்கொண்டு கரையோரக் கடலுக்குப் போனார். மாலையில் போட்ட வலையை இழுத்தார். ஓராவும் ஒட்டியும் விளமீனும் சில பாரைக் குஞ்சுகளும் வந்தன. குஞ்சுகளைத் திரும்பக் கடலில் போட்டார். "இது வளர்ந்தாத்தான் என்ர பேரனுக்குத் தொழில்" என்றார்.

வலையின் கடைசி முழத்தில் ஏதோ கனமாக இருந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தோம், ஒரு கடலாமை. கால்களில் வலை சுற்றிக் கிடந்தது. முன்பெல்லாம் யாழ்ப்பாணக் கரைகளில் ஆமை இறைச்சிக்கு நல்ல விலை. நம்முடைய ஷாபிஈ மத்ஹபில் அது ஆகுமானதல்ல. நாட்டுச் சட்டத்திலும் ஆமையைப் பிடிப்பது குற்றம். ஆனால் அந்த நள்ளிரவுக் கடலில் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்? வாடிக்காரர் கத்தியை எடுத்தார். என் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் அறுத்தது வலையை. ஒரு முழம் வலை வீணாயிற்று. ஆமை மெல்லப் புரண்டு கறுப்பு நீருக்குள் இறங்கியது.

அப்போதுதான் தூரத்தில் விளக்குகள் தெரிந்தன. ஒன்றல்ல, ஒரு தெருவே கடலில் நிற்பது போல் வரிசையாக. "இந்தியன் றோலர்" என்றார் அவர். அடிமடி இழுவை வலை கடலடியை உழுது போகும். மீனோடு குஞ்சும் முட்டையும் பாசியும் சேர்ந்து போகும். வழியில் கிடக்கும் நம்மவர் வலைகளும் அறுந்து போகும். இலங்கையில் அடிமடி இழுவையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் முற்றாகத் தடைசெய்திருக்கிறது. ஆனால் விளக்குகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தப் படகில் வேலை செய்கிறவர்களும் தமிழ் பேசும் கூலிக்காரர்கள், அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு என்பதை அவரே சொன்னார். "சண்டை பிடிக்கிறதும் பசியாலதான், களவெடுக்கிறதும் பசியாலதான். முதலாளி மட்டும் கரையில நித்திரை" என்றார்.

வேட்டை என்ற சொல்லுக்கு அன்றிரவு எனக்கு இரண்டு பொருள் விளங்கியது. தேவைக்கு எடுப்பது ஒன்று. கிடைப்பதையெல்லாம் எடுப்பது மற்றொன்று.

கணக்குத் தீர்ந்த காலை

மூன்றாம் நாள் காலை அம்மா கணக்குக்கு உட்கார்ந்தார். அதற்குள் இரண்டு இரவுகளில் என் மனைவிக்கும் அவருக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது. மீனைப் பிளந்து, குடலெடுத்து, உப்பிட்டு, பாயில் விரித்து, வெயிலுக்கும் காகத்துக்கும் நடுவில் காவலிருந்தது எல்லாம் இந்த அம்மாதானாம். கடலுக்குப் போனவரின் பெயர்தான் கொப்பியில் ஏறியிருந்தது. குமுதினிப் படகில் தன் தங்கையைப் பறிகொடுத்ததையும் என் மனைவியிடம்தான் சொல்லியிருக்கிறார். எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் ஒரு உறையில் பணம் வைத்திருந்தேன். 3,600 ரூபாய்க்கு 1990இல் இருந்த மதிப்பு இன்று இல்லை. வாங்கிய எண்ணிக்கையைக் கொடுத்தால் கடன் தீரும் என்பது மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோரின் முடிவு. ஆனால் கடனை அழகிய முறையில் திருப்பிக் கொடுப்பவரே மக்களில் சிறந்தவர் என்பதும் நபிகளார் காட்டிய வழி. அதனால் பல மடங்கு சேர்த்தே வைத்திருந்தேன்.

அம்மா உறையைத் திறந்து எண்ணினார். முகம் சுருங்கியது.

"இது கூட. மற்றக் காசு என்னத்துக்கு? வட்டியோ? சோனகர் வட்டி குடுக்கவும் மாட்டினம், எடுக்கவும் மாட்டினம் எண்டு உங்கட வாப்பா இந்தத் திண்ணையில இருந்து சொன்னவர்."

எனக்கு வியர்த்துவிட்டது. அரபுக் கல்லூரியில் ஏழு ஆண்டு படித்து, பதினெட்டு ஆண்டு பாடம் சொல்லிக் கொடுத்த என்னை, வாப்பாவின் வார்த்தையை வைத்தே அந்த மூதாட்டி மடக்கிவிட்டார். "அம்மா, பேசி வாங்குவதுதான் வட்டி. நானாக விரும்பித் தருவது வட்டி ஆகாது" என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

"தம்பி, காசைப் பாக்காதையுங்கோ, கருவாட்டைப் பாருங்கோ. நாப்பத்தெட்டுக் கிலோ எண்டுதானே எழுதிக் கிடக்கு? இண்டைக்கு நெடுந்தீவில கருவாடு கிலோ என்ன விலையோ, அந்தக் காசைத் தாருங்கோ. அதுக்கு மேல ஒரு சதமும் வேண்டாம். அதுக்குக் கீழயும் வேண்டாம்."

அவர் கேட்டது நியாயமாக இருந்தது. நானும் மனமொப்பிக் கொடுத்தேன். மகனை அனுப்பி அன்றைய விலையைக் கேட்டு வரச் செய்து, பெருக்கிப் பார்த்து, மிச்சத்தை என் கையில் திருப்பித் தந்தார். பணத்தை மகனிடம் கொடுத்து, "வலை வாங்கு" என்றார். பிறகு கொப்பியைக் கேட்டு வாங்கினார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து அந்த வரியைத் தேடினார். என் மனைவி விரல் வைத்துக் காட்டினாள். பேனையை வாங்கி, நடுங்கும் கையால் அதன்மேல் தானே ஒரு கோடு போட்டார்.

"உங்களை எல்லாரையும் அனுப்பிப்போட்டினம் எண்டு எங்களுக்குக் கன நாள் கழிச்சுத்தான் தெரியும்" என்றார் பிறகு. "அந்த மனுசன் காசு தராமல் போகமாட்டார், ஏதோ நடந்திட்டுது எண்டுதான் இவர் சொல்லிக்கொண்டிருந்தவர். சாகும்வரைக்கும் சொன்னவர்."

வாப்பா மௌத்தாகி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். கடல் கடந்த ஒரு திண்ணையில் அவருடைய நாணயத்துக்கு ஒருவர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

நீங்கள் போவதானால்

சகோதரிகளே! நீங்களும் குடும்பத்தோடு நெடுந்தீவு போகலாம். குறிகட்டுவானில் படகு நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். படகைத் தவறவிட்டால் அன்றைய பயணம் கெட்டது. சோளகம் வீசும் மாதங்களிலும் மார்கழி மழையிலும் கடல் கொந்தளிக்கும். தை முதல் பங்குனி வரை வசதியான காலம். குடிநீர், டோர்ச், நுளம்புச் சுருள், குடை, படகில் தலைசுற்றுபவர்களுக்கு மருந்து ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் போத்தல்களை அங்கே எறிந்துவிட்டு வராதீர்கள். அந்தத் தீவு உங்கள் குப்பையை எங்கே கொண்டுபோய்ப் போடும்? குதிரைகளைத் துரத்திப் படம் எடுக்கவேண்டாம். முடிந்தால் ஒரு போத்தல் தண்ணீர் கூடுதலாகக் கொண்டுபோங்கள்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு கொப்பி இருக்கும். அல்லது கொப்பியில் எழுதாத ஒரு கணக்கு, பெரியவர்களின் நெஞ்சில் இருக்கும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "உம்மா, நாம் யாருக்காவது ஏதாவது கொடுக்கவேண்டியது உண்டா?" நமக்கு வரவேண்டிய கணக்குகள் ஏராளம். இழந்த வீடு, இழந்த நிலம், இழந்த ஆண்டுகள். அவற்றை நாம் கேட்கத்தான் வேண்டும், கேட்டுக்கொண்டேதான் இருக்கவேண்டும். அதற்காக நாம் கொடுக்கவேண்டியது இல்லாமல் போய்விடாது.

திரும்பும் படகில் என் மகன் கரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். குறிகட்டுவான் நெருங்கியபோது, "வாப்பா, அடுத்த விடுமுறைக்கும் இங்கேயே வருவோமா?" என்று கேட்டான். இன்ஷா அல்லாஹ் என்றேன். அம்மா எங்களுக்குக் கட்டிக் கொடுத்த ஒரு பொட்டலம் கருவாடு என் மனைவியின் மடியில் இருந்தது. அதற்குக் காசு வாங்க அவர் மறுத்துவிட்டார். புதிய கொப்பி ஒன்றில் அதை எழுதி வைத்திருக்கிறேன்.